மே மாதம் வரை ஹோல்டு

வடக்குச் சிறை, இல்லினாய்
செப்டம்பர் 9, 2012

அன்புள்ள அப்பாவுக்கு,

மகன் லின்வுட் எழுதுவது. நான் சுகம். போன மாதம் எழுதியிருந்த பல்வலி போய்விட்டது. கூடவே பல்லும் போய்விட்டது. உங்களுக்கும் வெர்லீன் அக்காவுக்கும் உடம்பு எப்படி? போனில் பேசினால் உங்களுக்குக் காது கேட்பதில்லை. அதனால் இந்தச் செய்தியைக் கடிதத்திலேயே சொல்கிறேன். என்னைக் கல்லூரி வகுப்பில் எடுத்துக்கொண்டார்கள்.

நிஜமான கல்லூரி அப்பா. வெளியே பிள்ளைகள் பணம் கட்டிப் படிக்கும் அதே சரித்திர வகுப்பு. டாக்டர் ஹாலோரன் என்ற அம்மா செவ்வாய்தோறும் இரண்டு மணி நேரம் காரோட்டி வருகிறார். ஒல்லி, நரைத்த தலை, நடந்தால் செருப்பு கீச்சிடும். உள்நாட்டுப் போர் முடிந்து நம் ஆட்கள் அடிமைத்தளையிலிருந்து விடுதலையான பிறகு நடந்த பன்னிரண்டு வருஷம்தான் பாடம். முதல் நாளே சொன்னார்: "கிறிஸ்துமஸுக்குள்ள இதுல பாதிப் பேர் போயிருப்பீங்க. யாரும் விரட்ட மாட்டாங்க, நீங்களாவே போயிடுவீங்க."

பின்னாலிருந்து டெலஃபோர், தெரியுமே, வாசற்படி அகலம் உள்ள ஆள், "எங்க மேடம் போறது? கதவைத்தான் பூட்டி வெச்சிருக்காங்களே?" என்றான். எல்லோரும் சிரித்தோம். அவரும் சிரித்தார். சிரித்து முடித்துவிட்டு அடுத்த வாரத்துக்கு எண்பது பக்கம் படிக்கக் கொடுத்தார்.

இன்னொன்று. வகுப்பில் இருப்பவர்கள் பெயரில் 'ஹோல்டு' போட்டுவிடுவார்கள். மே மாதம் வகுப்பு முடியும்வரை எங்களை வேறு சிறைக்கு மாற்ற மாட்டார்கள். நான் உங்கள் பக்கம், தெற்குச் சிறைக்கு மாற்றல் கேட்டு எழுதிப்போட்டு நாலு வருஷம் ஆகிறது. அது எப்படியும் இப்போதைக்கு வராது என்று சிறைக் கவுன்சிலர் ப்ரூட் அம்மா சொன்னார்.

கோடையிலிருந்து உங்களைப் பார்க்கவில்லை. அக்டோபரில் சர்ச் வேனில் வருவீர்களா?

உங்கள் மகன்,
லின்வுட்

*

கேல்ஸ் பெண்ட்
செப்டம்பர் 30, 2012

மகன் லின்வுட்டுக்கு அப்பா ஹோசியா எழுதிக்கிறது. கர்த்தர் புண்ணியத்துல இங்க எல்லாரும் சுகம். நான் கல்லு மாதிரி இருக்கேன். உன் பல்லு போனா போகட்டும், பெட்டிஃபோர்ட் வம்சத்துல முப்பதுக்கு மேல முழுப்பல்லோட இருந்தவன் யாரு?

உன் கடுதாசிய வெர்லீன் மூணு தரம் படிச்சுக் காட்டினா. எனக்கே படிக்கத் தெரியும், ஆனா அடுத்தவங்க வாயால கேட்டா நிஜம் மாதிரி இருக்கு. பக்கத்து வீட்டு அர்னெட்டா சோளரொட்டி கொண்டாந்தா. அவகிட்ட சொன்னேன், என் மவன் காலேஜுல சரித்திரம் படிக்கிறான்னு. "அதுக்கு ஏன் அம்புட்டுத் தூரம்? ஒன்னையும் என்னையும் பாத்தா போதாதா"ங்கிறா. வாய் பாரு.

அவ அண்ணன் மவன் ஆத்துல ஒரு கெளுத்தி புடிச்சிருக்கான். சின்னப்புள்ள உசரம். வாளியில போட்டு என் நாற்காலி பக்கத்துல கொண்டாந்து வெச்சுக் காட்டினான். அது என்னைப் பாத்துது, நான் அதைப் பாத்தேன். ரெண்டு பேருக்கும் மீசை. இப்படித்தான் நான் இழுவைப்படகுல வேலை பாக்கையில, பதூக்கா ஊருக்கு மேல ஒரு தரம் கெளுத்தி ஒண்ணு கயித்தோட சிக்கி... அதை இன்னொரு நாளைக்குச் சொல்றேன், கை வலிக்குது.

நல்லாப் படி. அந்த டீச்சரம்மாவுக்கு என் வந்தனம் சொல்லு. வேனு டயரு தேஞ்சுபோச்சாம், பாஸ்டர் சொன்னாரு. பாப்போம்.

உன் அப்பா,
ஹோசியா பெட்டிஃபோர்ட்

*

வடக்குச் சிறை
நவம்பர் 11, 2012

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம். நீங்கள் நலமாக இருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டே எழுதுகிறேன். குளிர் வந்துவிட்டது. இரவில் கம்பளிக்குள் புகுந்து, நடைபாதை விளக்கு விழும் ஓரமாகத் திரும்பிப் படுத்துப் படிக்கிறேன். கண்தான் எரிகிறது.

என் முதல் கட்டுரைக்கு எஃப் போட்டார். நம் கேல்ஸ் பெண்ட் எப்படி உண்டானது என்று எழுதியிருந்தேன். உங்கள் கொள்ளுத்தாத்தா டென்னசியிலிருந்து தெப்பத்தில் கோவேறு கழுதையோடு ஆற்றோடு வந்தார், கழுதை ஓரிடத்தில் இறங்கி மேலே வரமாட்டேன் என்று நின்றுவிட்டது, அங்கேயே ஊர் போட்டார்கள் என்று. தாள் முழுக்கச் சிவப்பு மை. யார் சொன்னது? அவர் அங்கே இருந்தாரா? வேறு மாதிரிச் சொன்னவர் யாராவது உண்டா? கடைசியில் ஒரே வரி: "கதை அருமை. சரித்திரம் எங்கே?"

எனக்குக் கோபம். வகுப்பு முடிந்து அவரிடம் போனேன். "மேடம், எனக்கு இங்க நூலகத்துல இருக்கிறது கிழிஞ்ச புத்தகம் நாலு. கம்ப்யூட்டர் கிடையாது. பென்சில்தான். இதைக் கொஞ்சம் பாருங்க" என்றேன்.

"பாத்துட்டேன், மிஸ்டர் பெட்டிஃபோர்ட்" என்றார். "நீங்க உள்ள இருக்கீங்கன்னு மார்க் போட்டா, நாளைக்கு அந்த மார்க்கும் உள்ளதானே இருக்கும்? திருப்பி எழுதுங்க."

பதிமூன்று வருஷமாக என்னை யாரும் மிஸ்டர் என்று கூப்பிட்டதில்லை. அந்த வார்த்தைக்காகவே திருப்பி எழுதினேன். சி வந்தது. டெலஃபோர் என் முதுகில் ஓங்கி அறைந்தான், இன்னும் வலிக்கிறது. அவனுக்கு டி.

ஆகவே கேட்கிறேன்: கழுதைக் கதையை உங்களுக்கு யார் சொன்னார்கள்? வேறு மாதிரிச் சொல்கிறவர்கள் உண்டா?

அக்டோபரில் ஞாயிற்றுக்கிழமைகளில் சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நன்றித் திருநாளுக்காவது வருவீர்களா?

லின்வுட்

*

கேல்ஸ் பெண்ட்
டிசம்பர் 4, 2012

லின்வுட்டுக்கு அப்பா. சுகம்தானே? நாங்க சுகம்.

நீ கேட்டதுக்கு பதிலு. கழுதைக் கதையை எனக்கு எங்கப்பா சொன்னாரு. அவரு அங்க இல்ல, அவருக்கு அவங்கப்பா சொன்னாரு. அவருக்கு மூணு வயசு, தெப்பத்துல தூங்கிட்டிருந்தாராம். ஆக, முழிச்சிருந்தது கழுதை மட்டுந்தான். அர்னெட்டா வீட்ல வேற மாதிரி சொல்லுவாங்க. கழுதையெல்லாம் நிக்கலையாம், கொள்ளுப்பாட்டிதான் இனி ஒரு அடி வரமாட்டேன், வேணும்னா கழுதைய கட்டிக்கிட்டுப் போன்னு சொல்லிட்டாளாம். ஆம்பளைங்க வெக்கப்பட்டுக்கிட்டு பழியக் கழுதை மேல போட்டுட்டாங்களாம். இருக்கும். உங்கம்மா இருந்திருந்தா அதைத்தான் நம்புவா.

உன் டீச்சரம்மா சொல்றது நியாயம்டா. படகுல எங்களுக்கு ஒரு மேட் இருந்தான், கேப்டனுக்கு அடுத்த ஆளு, கால்ஹூன்னு பேரு. ஆறு எனக்கு உள்ளங்கைங்கிறவன். ஒரு நாளு, மணல்திட்டு எந்தப் பக்கம்னு கேட்டேன். எடது பக்கம்னான். பாத்தியான்னேன். கேட்டேன்னான். பதினஞ்சு பார்ஜுப் படகு, அம்புட்டும் நிலக்கரி, வலது பக்கத் திட்டுல ஏறி ஒக்காந்துருச்சு. ரெண்டு நாளு அங்கயே கெடந்தோம். சமையக்காரன் மாவு தீந்துபோய் அழுதான். கேட்டேன்னு சொன்னவன் தரை தட்டுவான், அது ஆத்துச் சட்டம்.

நன்றித் திருநாளைக்கு வர முடியல. வேனுக்கு டயரு மாத்திட்டாங்க, ஆனா டிரைவருக்கு இடுப்பு. வேனு சரியானா அவனுக்குச் சரியில்ல. கோவிச்சுக்காத. அர்னெட்டா வான்கோழி கொண்டாந்து இங்கயே வெச்சு ஊட்டாத குறையா குடுத்தா.

உன் அப்பா

*

வடக்குச் சிறை
ஜனவரி 8, 2013

அன்புள்ள அப்பாவுக்கு,

புது வருஷ வாழ்த்துகள். உங்கள் உடம்பைப் பற்றி எழுதுங்கள். 'சுகம்' என்ற ஒரு சொல் போதாது.

டாக்டர் ஹாலோரன் கொள்ளுப்பாட்டி கதையைப் படித்துவிட்டுச் சத்தமாகச் சிரித்தார். "ரெண்டு சாட்சி, ரெண்டும் பிடிவாதம், ரெண்டும் எழுதி வெச்சுட்டுப் போகல" என்றார். பி போட்டார். முதல் பி. வகுப்பில் இப்போது ஏழு பேர்தான் மிச்சம். டெலஃபோர் இருக்கிறான்.

அப்பா, இது அவசரம். நேற்று ப்ரூட் அம்மா கூப்பிட்டார். என் மாற்றல் வந்துவிட்டது. தெற்குச் சிறை. நம் வீட்டிலிருந்து இருபது மைல். ஆனால் என் பேரில் ஹோல்டு இருக்கிறது. நான் கையெழுத்துப் போட்டு அதை எடுத்தால் அடுத்த வண்டியில் போகலாம். வகுப்பு போச்சு, தெற்கே கல்லூரி கிடையாது. எடுக்காவிட்டால் வசந்தம்வரை இடத்தை வைத்திருப்பார்களாம். அதற்கு அப்புறம் வரிசையில் கடைசி, இன்னொரு நாலு வருஷம்.

"ரெண்டும் வேணும்னு கேக்காதே. அப்படி ஒரு படிவம் இங்க இல்ல" என்றார் ப்ரூட் அம்மா.

நீங்கள் சொல்வதைச் செய்வேன். ஒன்றே ஒன்று. உங்களுக்கு நான் பக்கத்தில் வேண்டுமா?

லின்வுட்

*

கேல்ஸ் பெண்ட்
ஜனவரி 15, 2013

லின்வுட்,

சுகம். நீயும் சுகமா இரு.

கையெழுத்துப் போடாத. போட்டே, நீ இருபது மைலுல இருந்தாலும் நான் வந்து பாக்க மாட்டேன், எழுதி வெச்சுக்க.

உங்கம்மா சாகையில உனக்குப் பதினொண்ணு. அவ கேட்டது ரெண்டு. வெர்லீனுக்கு நல்ல மாப்பிள்ளை, உனக்குப் பள்ளிக்கூடம். மாப்பிள்ளை ஓடிப்போயிட்டான். நீ பத்தொம்பது வயசுல அந்தத் துப்பாக்கிக்காரப் பயலோட கார்ல ஏறிட்டே. நான் குத்திக் காட்டல. கணக்குச் சொல்றேன். மே மாசம் அந்த டீச்சரம்மா உன் பேரைச் சொல்லி ஒரு தாளைக் கையில குடுக்கட்டும். நான் வருவேன். கோட்டு போட்டுக்கிட்டு மொத வரிசையில ஒக்காருவேன். டிரைவரு இடுப்பு அதுக்குள்ள சரியாயிடும்.

வருஷக் கடைசி வாட்ச் நைட்டு ஆராதனை ரொம்ப நல்லா இருந்துச்சாம். பாஸ்டர் பன்னெண்டு மணிக்கு எல்லாரையும் முழங்காலு போடச் சொன்னாராம், கிழவன் டூலின் முழங்காலு போட்டவன் எந்திரிக்க முடியாம நாலு பேரு தூக்குனாங்களாம். அர்னெட்டா சொல்லிச் சொல்லிச் சிரிச்சா. கருப்புக்கண் பயறு கொண்டாந்தா, புது வருசத்துக்கு. நல்லா இருந்துச்சு. ரெண்டு கரண்டி சாப்பிட்டேன்.

படி.

அப்பா

*

வடக்குச் சிறை
மார்ச் 3, 2013

அன்புள்ள வெர்லீன் அக்காவுக்கு,

தம்பி எழுதுவது. நலம்தானே? அப்பா சொன்னபடியே கையெழுத்துப் போடாமல் இருக்கிறேன். பிப்ரவரி முழுக்க அவரிடமிருந்து ஒரு அட்டை மட்டும் வந்தது. அதில் உன் கையெழுத்து.

கடைசிக் கட்டுரைக்கு ஒரே ஒரு சாட்சியை எடுத்துக்கொண்டு, அவர் சொன்னதிலிருந்து அவர் சொல்லாததைக் கண்டுபிடிக்கச் சொல்லியிருக்கிறார் டாக்டர் ஹாலோரன். நான் அப்பாவை எடுத்துக்கொண்டேன். எங்கள் ஊரில் ஒரு கிழவர் எப்படிக் கதை சொல்கிறார் என்று எழுத நினைத்தேன். அவருடைய பழைய கடிதங்களையெல்லாம் கட்டிலில் தேதிவாரியாகப் பரப்பி வைத்தேன்.

அக்கா, போன கோடை வரைக்கும் அவர் எங்கேயாவது போய்க்கொண்டே இருக்கிறார். கரைக்குப் போனேன், கடைக்குப் போனேன், டூலினோடு சண்டைக்குப் போனேன். இலையுதிர் காலத்திலிருந்து எல்லாம் அவரிடம் வருகிறது. மீன் வாளியில் வருகிறது. ரொட்டி வருகிறது. வான்கோழி வருகிறது. ஒரு கதையில்கூட அவர் எழுந்து நிற்கவில்லை. வாட்ச் நைட்டில் என்ன நடந்தது என்று அர்னெட்டா சொல்லி அவர் கேட்டிருக்கிறார். அம்மா செத்த வருஷம்கூட வாட்ச் நைட்டுக்குப் போனவர், அக்கா. என்னைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனார்.

இதை எழுதிக் காட்டினேன். டாக்டர் ஹாலோரன் இரண்டு தடவை படித்தார். "இது சரியா இருக்கக் கூடாதுன்னு வேண்டிக்கிறேன்" என்றார்.

அப்பாவுக்கு என்ன? உள்ளதை எழுது.

தம்பி

*

கேல்ஸ் பெண்ட்
மார்ச் 15, 2013

அன்புள்ள தம்பிக்கு,

நலம். உன் கடிதம் கிடைத்தது. இங்கே மழை. ஆறு ஏறியிருக்கிறது, ஆனால் கரைக்கு மேலே வரவில்லை. அர்னெட்டாவின் பேத்திக்குக் குழந்தை பிறந்திருக்கிறது, பெண். நம் லாரிக்கு பேட்டரி மாற்றினேன். டூலின் உன்னைக் கேட்டார்.

அப்பா பக்கத்தில் இருக்கிறார். நான் எழுதுவதைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். "நல்லாப் படிக்கச் சொல்லு" என்கிறார். மே மாதத்துக்குக் கோட்டைத் துவைத்து வைக்கச் சொன்னார். துவைத்துவிட்டேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அக்கா,
வெர்லீன்

*

தெற்குச் சிறை
ஏப்ரல் 14, 2013

அன்புள்ள அப்பாவுக்கு,

முகவரியைப் பாருங்கள். கோபப்படுவதற்கு முன்னால் ஒரு மடக்குத் தண்ணீர் குடியுங்கள்.

அக்கா எல்லாவற்றையும் எழுதினாள், நான் கேட்டதைத் தவிர. அடுத்த நாளே ப்ரூட் அம்மாவிடம் போய்க் கையெழுத்துப் போட்டேன். "நல்லா யோசிச்சியா? இன்னும் ரெண்டு மாசம்தானேப்பா?" என்றார். யோசித்தால் போட மாட்டேன் என்று தெரியும், அதனால் யோசிக்கவில்லை.

வண்டி எப்போது என்று முன்கூட்டிச் சொல்ல மாட்டார்கள். செவ்வாய் வகுப்பில் மட்டும் சொல்லிக்கொண்டேன். டெலஃபோர் என் பக்கம் திரும்பவே இல்லை. கடைசியில், "உன் நோட்ஸக் குடுத்துட்டுப் போ, நாயே" என்றான். கொடுத்தேன். கண்ணைத் துடைத்துக்கொண்டே சரிபார்த்தான். டாக்டர் ஹாலோரன் கண்ணாடியைக் கழற்றினார்.

"கட்டுரை பாதியில நிக்குது, மிஸ்டர் பெட்டிஃபோர்ட்."

"ஆமா மேடம்."

"முடிக்காதவங்களுக்கு என்னால மார்க் போட முடியாது. எல்லாருக்கும் ஒரே சட்டம்."

"தெரியும் மேடம்."

"கண்டுபிடிச்சது சரியான்னு நேர்ல போய்ப் பாக்கப் போறீங்க. என் மாணவன் அதைச் செய்யாட்டித்தான் நான் கோபப்படணும்" என்றார். கை கொடுத்தார். கை கொடுக்கக் கூடாது என்பது விதி. காவலர் சுவரைப் பார்த்துக்கொண்டார்.

அப்பா, உங்களுக்கும் எனக்கும் நடுவே இப்போது இருபது மைல். இங்கே பார்வையாளர் பட்டியல் புதிதாகப் போட வேண்டும்; உங்கள் பெயரையும் அக்கா பெயரையும் வந்த அன்றே எழுதிக் கொடுத்தேன். சரிபார்க்க ஒரு மாதம் ஆகுமாம். புதிதாக வந்தவர்களை அதுவரை மைதானத்துக்கும் விடுவதில்லை, உள்கட்டிலேயே வைத்திருக்கிறார்கள். அதனால் என்ன? ஒரு மாதம்தானே. வந்து நேரிலேயே திட்டுங்கள்.

லின்வுட்

*

கேல்ஸ் பெண்ட்
ஏப்ரல் 20, 2013

மவனே லின்வுட்,

சுகம்.

கழுதை. அந்தக் கொள்ளுத்தாத்தாவோட கழுதைக்கு நீதான் நேர் வாரிசு. ரெண்டு மாசம் பொறுக்க முடியலையா உனக்கு? நான் கோட்டெல்லாம் துவைச்சு வெச்சிருந்தேனே. அந்தம்மாவுக்கு எழுதிக் கேளு, தபால்ல முடிக்க வழி இருக்கான்னு. நான் சொன்னேன்னு சொல்லு.

எழுத்து கோணலா இருக்குன்னா மேசை ஆடுது.

இங்க வெயிலு நல்லா அடிக்குது. ரெண்டு நாளைக்கு முன்னாடி வெர்லீன் என்னைய லாரியில வெச்சுக் காத்து வாங்கக் கூட்டிப் போனா. நீ நல்லாச் சாப்பிடு. ரொம்ப எளைச்சுட்டே. நடக்கையில தலையக் குனியாத, ஒங்கம்மாவுக்கு அது புடிக்காது. அந்தக் கெளுத்திக் கதைய நான் உனக்கு முழுசாச் சொல்லவே இல்ல. அது என்னாச்சுன்னா, அந்தக் கயிறு இருக்கே

வெர்லீன் போதுங்கிறா. வர்றேன்.

அப்பா

*

கேல்ஸ் பெண்ட்
மே 5, 2013

அன்புள்ள தம்பிக்கு,

சிறைப் பாதிரியார் உனக்குச் சொல்லியிருப்பார். நேற்று அடக்கம் முடிந்தது. உன்னை அனுப்பச் சொல்லி பாஸ்டர் மூன்று தடவை பேசினார். புதிதாக வந்தவர்களுக்கு வெளி அனுமதி இல்லை என்றுதான் பதில் வந்தது. நீ சாப்பிடுகிறாயா?

அப்பாவுக்கு நுரையீரல். ஆகஸ்டிலேயே ஆக்ஸிஜன் வைத்துவிட்டார்கள். வாசல்வரை நடந்தாலே மூச்சு வாங்கும். வேன், டயர், டிரைவர் இடுப்பு எல்லாம் அவரே ஜோடித்தது. வேன் மாதாமாதம் போய்க்கொண்டுதான் இருந்தது. என்னிடம் அம்மாவின் பைபிளில் கை வைக்கச் சொல்லிச் சத்தியம் வாங்கினார். மார்ச்சில் உன் கேள்வியைப் படித்துவிட்டு, "பயலுக்கு நல்லாத்தான் சொல்லிக் குடுத்திருக்கா அந்தம்மா" என்று சிரித்தார். சிரித்தால் இருமல் வரும். ரொம்ப நேரம் இருமினார். எனக்கு உன்னிடம் சொல்லிவிட வேண்டும் போல இருந்தது, தம்பி. பைபிளை எடுத்து என் மடியில் வைத்தார்.

ஒன்று இருக்கிறது. அதைச் சொல்லாமல் எனக்குத் தூக்கம் வராது.

தெற்குச் சிறையிலிருந்து உன் கடிதம் புதன்கிழமை வந்தது. அன்று பூராவும் திட்டினார். வியாழக்கிழமை காலையில் "வண்டிய எடு" என்றார். பட்டியலில் பெயர் வரவில்லை, உள்ளே விடமாட்டார்கள் என்றேன். "உள்ள யாரு போறா? ரோடு என்ன அவங்கப்பன் வீட்டு ரோடா?" என்றார். சிலிண்டரைச் சீட்டில் பெல்ட் போட்டுக் கட்டினேன். கரை ரோட்டில் வேலிக்கு நேராக நிறுத்தினேன். கோட்டைப் போட்டுக்கொண்டு வந்திருந்தார்.

மைதானத்தில் ஆட்களை விட்டிருந்தார்கள். தூரம். எல்லோருக்கும் ஒரே நீல உடுப்பு. அப்பா ஜன்னல் கண்ணாடியை இறக்கிப் பார்த்துக்கொண்டே இருந்தார். அப்புறம் கையை நீட்டி, "அந்தா, அவன்தான். எளைச்சுப் போயிட்டான் பாரு" என்றார்.

புதிதாக வந்தவர்களை வெளியே விடுவதில்லை என்று நீ எழுதியதை அதற்கு முந்தின நாள்தான் அவருக்கு நானே படித்துக் காட்டியிருந்தேன். மறந்துவிட்டார். இல்லை, மறக்க வேண்டும் என்று மறந்தாரோ தெரியவில்லை. நான், "ஆமாப்பா, அவனேதான்" என்றேன். அந்த ஆள் சுற்றிச் சுற்றி நடந்தான். அவன் இந்தப் பக்கம் திரும்பும்போதெல்லாம் அப்பா கையை ஆட்டினார். அவர்கள் உள்ளே போகும்வரை இருந்தோம். திரும்பி வரும் வழியில் நன்றாகப் பேசினார். எட்டு நாளில் போய்விட்டார்.

நான் பொய் சொல்லிவிட்டேன் தம்பி. உன்னிடமும், அவரிடமும்.

அக்கா

*

தெற்குச் சிறை
மே 12, 2013

அன்புள்ள அக்காவுக்கு,

சாப்பிடுகிறேன். நீ சாப்பிடு. ராத்திரி தனியாக இருக்காதே, அர்னெட்டாவைக் கூட்டி வைத்துக்கொள்.

நான் இளைக்கவில்லை, அக்கா. இந்தக் குளிர்காலத்தில் நூடுல்ஸாகத் தின்று பெருத்துத்தான் போயிருக்கிறேன். அவருடைய கடைசிக் கடிதம் வந்தபோது, இவர் எப்போது என்னைப் பார்த்தார் என்று ஒரு வாரமாக மண்டையைக் குடைந்துகொண்டிருந்தேன். அந்த வியாழக்கிழமை நான் உள்கட்டில் இருந்தேன். அங்கே ஜன்னல் மேலே, கைக்கு எட்டாத உயரத்தில் இருக்கிறது. ரோடு தெரியாது.

இரண்டு நாளாக உன் கடிதத்தை வைத்துக்கொண்டு, வகுப்பில் கேட்பதுபோலவே எல்லாவற்றையும் கேட்டுப் பார்த்தேன். யார் சொன்னது? அவர் அங்கே இருந்தாரா? கண்ணால் பார்த்தாரா? அப்பா அங்கே இருந்தார். கண்ணால் பார்த்தார். அந்த மைதானத்தில் இல்லாத ஒரே ஆள் நான்தான். அதனால் அது நான் இல்லை என்று சாட்சி சொல்ல எனக்கு வாயில்லை. நீ பொய் சொன்னதாக இனிமேல் எழுதாதே.

கட்டுரையை இங்கே முடித்துக்கொண்டிருக்கிறேன். மார்க் கிடையாது என்று தெரியும். டாக்டர் ஹாலோரனுக்கு அனுப்புவேன். அவர் விடமாட்டார், கேட்பார். அதற்காக உன்னிடம் கேட்கிறேன், நிதானமாக நினைத்துப் பார்த்து எழுது. அடுத்த வாரம் என்னையும் மைதானத்துக்கு விடுகிறார்கள்.

அவர் காட்டிய ஆள் எந்தப் பக்கமாக நடந்தான்? ஓரமாகவா, நடுவிலா? தனியாகவா? தலை குனிந்திருந்தானா? உயரம் எவ்வளவு இருக்கும்? அப்பா கையை ஆட்டியதை ஒரு தடவையாவது அவன் பார்த்தானா?

தம்பி